டி3பி கரைசல்: டர்பன் ஆய்வக மேசையிலிருந்து ஒரு மதிப்பீடு

கார்பாக்சிலிக் அமிலத்தையும் அமீனையும் ஒரே குடுவையில் சேர்த்தால் முதலில் கிடைப்பது, நீரை இழந்து இரண்டும் பிணைந்த அமைடு அன்று, உப்புதான். அந்த உப்பிலிருந்து நீரை வெளியேற்றப் பொதுவாக 160 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாக்க வேண்டும் என்பதாலும், அந்தச் சூட்டைப் பல மருந்து மூலக்கூறுகள் தாங்கா என்பதாலும், அமிலத்தை முன்கூட்டியே கிளர்வூட்டும் (எளிதில் வினைபுரியத் தூண்டும்) இணைப்பு வினைக்காரணிகள் வழக்கத்துக்கு வந்தன. 1955இல் ஷீஹனும் ஹெஸ்ஸும் டிசிசி என்ற இணைப்பு வினைக்காரணியைக் கொண்டுவந்தனர். 1993இல் கார்ப்பினோ ஹாட்டு (HATU) என்ற மற்றொன்றை அறிமுகப்படுத்தினார். இவ்விரண்டுக்கும் இடையில், 1980இல், ஹோக்ஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த விஸ்மனும் கிளைனரும் வெளியிட்டதே டி3பி எனப்படும் புரொப்பைல்ஃபாஸ்ஃபோனிக் நீரிலி. எத்தில் அசிட்டேட்டில் 50 சதவீதக் கரைசலாக விற்கப்படும் இதை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் சிறிய மருந்து வேதியியல் ஆய்வகத்தில் இப்போது ஏறத்தாழ எல்லா அமைடு வினைகளுக்கும் முதலில் எடுக்கிறோம்.

காரணம் இதன் வேகம் அன்று. வேகத்தில் ஹாட்டுவே முந்தும். அணுக்கள் நெருங்கி வினைக்கு இடம் தராத அமினோ அமிலங்களை இணைக்கும் வேலையில் அதை இன்றும் விட முடிவதில்லை. ஆனால் வினை முடிந்த பின் ஹாட்டு விட்டுச்செல்லும் டெட்ராமெத்தில்யூரியாவும் டிஎம்எஃப் கரைப்பானும் சேர்ந்து, விளைபொருளைச் சிலிக்காத் தூளின் வழியே செலுத்தித் தூய்மையாக்கும் குரோமட்டோகிராபிக்கு அனுப்பாமல் விடுவதில்லை. அமிலம் முழுமையாகக் கிளர்வுறுவதற்குள் அமீனைச் சேர்த்துவிட்டால், ஹாட்டு அமீனையே பிடித்துக்கொண்டு குவானிடின் என்ற வேண்டாத பொருளாக மாற்றிவிடும் தொல்லையும் உண்டு. டி3பியோ தன் வேலையை முடித்ததும் புரொப்பைல்ஃபாஸ்ஃபோனிக் அமிலமாக நீரில் கரைந்து போய்விடுகிறது. பிரிபுனலில் சோடியம் பைகார்பனேட் கரைசலை ஊற்றிக் குலுக்கினால், நீர் அடுக்கு கீழிறங்கி, எத்தில் அசிட்டேட் அடுக்கு மேலே தெளிந்து நிற்கும். கரைப்பானை ஆவியாக்கினால், பல வேளைகளில், தூய்மையைச் சோதிக்கும் டிஎல்சி தட்டில் ஒரே ஒரு புள்ளிதான் தெரியும். சிலிக்காவும் ஹெக்சேனும் ஜோகன்னஸ்பர்க் வழியாக வந்து சேரக் காத்திருக்கும் ஓர் ஆய்வகத்துக்கு இந்த மிச்சம் சிறியதன்று.

வினைநிலையும் எங்களுக்குப் பொருந்துகிறது. பனிக்கட்டித் தொட்டியில் தொடங்கி அறை வெப்பத்தில் முடித்துவிடலாம். 1996இல் இஷிஹாராவும் யமமோட்டோவும் காட்டிய போரானிக் அமில வினையூக்க முறை, நீரை மட்டுமே கழிவாகத் தருவதால் கொள்கையளவில் இதைவிட மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கு நீரைத் தொடர்ந்து பிரித்தெடுத்தவாறே கரைப்பானை மணிக்கணக்கில் கொதிக்கவைக்க வேண்டியிருந்தது. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து வேலையைத் திட்டமிட்ட ஆண்டுகளில் அம்முறையை மேற்கொள்ள எங்களால் இயலவில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். டி3பியின் மூலக்கூறு எடை 318. வழக்கம்போல் அமிலத்தின் மோல் அளவில் ஒன்றரை மடங்கு சேர்த்தால், 10 மில்லிமோல் அமிலத்துக்கு ஏறத்தாழ 9.5 கிராம் கரைசல் செலவாகிறது. அதில் பாதி எடையான டி3பி இறுதியில் கழிவுநீரில்தான் சேர்கிறது. அமெரிக்க வேதியியல் கழகத்தின் பசுமை வேதியியல் வட்டமேசை, 2007இல், வீண் கழிவு இல்லாத அமைடு ஆக்கத்தை மருந்துத் துறையின் முதன்மைத் தேவைகளில் ஒன்றாக வைத்தது. அந்த அளவுகோலில் டி3பி தேறாது. கரைசல் கெட்டியானது, ஊசி வழியே மெதுவாகவே ஏறும், அவசரப்பட்டால் காற்றுக்குமிழியும் சேர்ந்துவிடும். டர்பனின் கோடைக் காற்றில் இருக்கும் ஈரத்தை இது விரும்பி உறிஞ்சுவதால், மூடியைத் திறந்து ஊற்றாமல் ரப்பர் அடைப்பின் வழியாகவே எடுக்க வேண்டும். அனிலின் போன்ற வலுக்குறைந்த அமீன்களுக்கு ஹ்யூனிக் காரம் என்ற வழக்கமான காரத்தைவிடப் பிரிடின் நல்ல பலன் தருகிறது. அமிலத்தின் அருகிலுள்ள கைரல் மையமும் (மூலக்கூறின் இடம்-வலம் அமைப்பைத் தீர்மானிக்கும் கார்பன்) பிரிடினில் பெரும்பாலும் கெடாமல் நிற்கிறது. முதல்நிலை அமைடு (நைட்ரஜனில் இரண்டு ஹைட்ரஜன்கள் உள்ளது) செய்வோர் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும்: சூடேறினால் டி3பி அந்த அமைடிலிருந்தும் நீரைப் பறித்து நைட்ரைலாக்கிவிடும்.

இணைப்பு வினையில் துணைப்பொருளாகச் சேர்க்கப்படும் ஆக்சிமாவைப் பற்றி இங்குள்ளோர் கேட்பார்கள். பின்னர் எங்கள் ஊரின் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரான ஃபெர்னாண்டோ அல்பெரிசியோவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2009இல், வெடிக்கும் தன்மையுள்ள எச்ஓபிடி என்ற பழைய துணைப்பொருளுக்கு மாற்றாக அதை முன்வைத்தனர். திண்மத் தளத்தில் பெப்டைடு (அமினோ அமிலச் சங்கிலி) கட்டுவோருக்கு அது இன்றும் சிறந்த துணை; ஆனால் டிஐசி என்ற இணைப்பு வினைக்காரணியோடு சேரும்போது ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படலாம் என்று 2019இல் செய்தி வந்த பிறகு, காற்றோட்டப் பெட்டிக்கு வெளியே அதைத் தொட நான் மாணவர்களை விடுவதில்லை. சிறிய மூலக்கூறு வேலைக்கு அதன் தேவையும் எங்களுக்கு அரிதாகவே நேர்கிறது.

விலை இடைத்தரம்: இடிசி என்ற மற்றோர் இணைப்பு வினைக்காரணியைவிடக் கூடுதல், ஹாட்டுவைவிடக் குறைவு. நாங்கள் வாங்கும் முகவர் ஒருமுறை எத்தில் அசிட்டேட் கரைசலுக்குப் பதிலாக டிஎம்எஃப் கரைசலை அனுப்பிவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று வாதிட்டார். ஒன்றல்ல. டிஎம்எஃப்பைக் கழுவி நீக்கத் தனியாக உழைக்க வேண்டியிருந்தால் இந்தக் குப்பியை வாங்குவதன் பயனே போய்விடும். ஆகவே கொள்முதல் ஆணையில் கரைப்பானின் பெயரைத் தெளிவாக எழுதி, சிறிய அளவுக் குப்பிகளாகவே கேட்டு வாங்குங்கள்.