பங்கோர் தீவா, பெர்ஹெந்தியான் தீவுகளா?

கோலாலம்பூரிலிருந்து காரை எடுத்தால் நாலு மணி நேரத்துக்குள் லுமுட் படகுத்துறை. ஃபெரி ஏறினால் பங்கோர். பாட்டி, கைக்குழந்தை சகிதம் கிளம்புபவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். சுற்றிவர இளஞ்சிவப்பு வேன் டெக்சி உண்டு. தெலுக் நிப்பா கடற்கரையில் இருவாட்சிப் பறவைகள் கூட்டமாகவே வரும். அந்தப் பெரிய அலகை அவ்வளவு கிட்டத்தில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் நகர மாட்டார்கள். கடலைப் பார்த்தபடி பத்திரகாளியம்மன் கோயில். மாசி மகத்தன்று மட்டும் அமைதி தேடிப் போகாதீர்கள், கூட்டம் அலைமோதும். திரும்பும்போது நெத்திலியும் காய்ந்த கணவாயும் வாங்காமல் வீட்டில் விடமாட்டார்கள். ஒரே குறை, கடல் கொஞ்சம் கலங்கல்.

தெளிந்த தண்ணீர்தான் வேண்டுமென்றால் பெர்ஹெந்தியான், பெரிதும் சின்னதுமாக இரண்டு தீவுகள். பவளப்பாறை, ஆமை எல்லாம் ஸ்நோர்க்கல் மூச்சுக்குழாய் மாட்டினாலே தெரியும். ஆனால் கோலா பெசுட் படகுத்துறை வரை இராத்திரி முழுக்க பஸ், அல்லது கோத்தா பாருவுக்கு விமானம். பிறகு விசைப்படகு, அலை எழுந்தால் இடுப்பு கழன்றுவிடும். தீவில் கார் ஓடாது, ஏடிஎம்மும் இல்லை, ரொக்கம் அவசியம். சைவச் சாப்பாட்டை விடுதியில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பெர்ஹெந்தியானில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழைக் காலம்; பெரும்பாலான விடுதிகள் மூடிக் கிடக்கும். ஆக, தைப்பூச லீவைச் சேர்த்துத் திட்டம் போடுபவர்களுக்கு பங்கோர்தான். மற்ற மாதங்களில் பெர்ஹெந்தியான் போகும் ஜோடிகள் பெரிய தீவில் தங்கலாம். சின்னத் தீவின் நீளக் கடற்கரையில் இரவில் பாட்டுச் சத்தம் ஓயாது.