கறுப்புப் பூஞ்சை எடுக்கிறோம் என்று 18,500 ரூபாய் வாங்கி, பெயின்ட் அடித்து மூடிவிட்டுப் போனார்கள்

சுவர்ப் பூஞ்சைக்கு ஆள் கூப்பிடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆப் ஒன்றில் 18,500 ரூபாய் கட்டிச் செய்த வேலை பத்தொன்பதே நாளில் பல்லிளித்துவிட்டது. அதே சுவர், அதே உயரம், அதே கறுப்பு. நேற்று இரவு கட்டிலை நகர்த்தியபோதுதான் தெரிந்தது.

இடம் சென்னை. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவர். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு ஓதம், அதன் மேல்விளிம்பில் கறுப்புப் புள்ளிகள், ஆங்காங்கே பெயின்ட் கொப்புளம்.

வந்தவர் இரண்டு ஊசி வைத்த ஈரம் பார்க்கும் மீட்டரை எடுத்துச் சுவரில் குத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. "பாருங்க மேடம், இது விஷப் பூஞ்சை. சின்னப் பிள்ளைங்க படுக்கிற ரூம். தள்ளிப் போடாதீங்க" என்றார். கையில் கருவி இருக்கிறது, வேலை தெரிந்தவர் என்று நம்பியது அந்த இடத்தில்தான். அங்கேயே தப்பு. கறுப்பாக இருப்பதெல்லாம் விஷப் பூஞ்சை இல்லை. நிறத்தை வைத்து எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மீட்டரும் மரத்துக்கு அளவு வைத்துச் செய்தது. சிமென்ட் பூச்சில் உப்புப் பூத்திருந்தாலே சிவப்பு காட்டும். உண்மையாகப் பார்க்கிறவர் ஓரடிக்கு ஓரடி குத்தி, ஈரம் எந்தப் பக்கம் கூடுகிறது என்று தேடிப்போவார். இவர் ஒரே இடத்தில் குத்தினார். குளியலறைக் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பிறகு நடந்த வேலை: பிளீச் கலந்த தண்ணீரைத் தெளித்தார்கள், அரை மணி நேரம் மருந்துப் புகை போட்டார்கள், அன்று மாலையே பட்டி பார்த்து, "பூஞ்சை வராத பெயின்ட்" என்று இரண்டு கோட் அடித்தார்கள். சுவர் பளிச்சென்று ஆனது. 18,500 ரூபாய் ஜிபேயில் போனது.

இது ஏன் நிற்காது? பிளீச் நிறத்தைத்தான் வெளுக்கும். சிமென்ட் பூச்சு நுண்துளை உள்ளது. பிளீச்சில் இருக்கும் தண்ணீர் உள்ளே இறங்கும், மருந்து மேலேயே தீர்ந்துவிடும், பூஞ்சையின் வேர் பூச்சுக்குள் தங்கிவிடும். புகையில் செத்த பூஞ்சைத்தூள்கூட அலர்ஜியைக் கிளப்பும். துடைத்து அகற்றினால்தான் உண்டு. எல்லாவற்றையும்விட, ஈரச் சுவரில் அன்றைக்கே பட்டி பார்ப்பது பெரிய கொடுமை. வெளியேற வழியில்லாத ஈரம் பெயின்டைத் தள்ளிக்கொண்டு வரும்.

கஸ்டமர் கேரில் மூன்று பேர் மூன்று பதில். முதலாமவர், "மழைக்காலம் மேடம், எல்லா வீட்லயும் இருக்கு." அடுத்தவர், "வாரன்டி பெயின்ட்டுக்குத்தான், ஓதத்துக்கு இல்ல." மூன்றாமவர் பேச்சின் நடுவிலேயே புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார். வேலைக்கு வந்தவரின் எண் இப்போது எடுப்பதே இல்லை. ஓதத்துக்கு வாரன்டி இல்லையென்றால் 18,500 ரூபாய் எதற்கு வாங்கினீர்கள்?

இன்று காலை தெரிந்த பிளம்பர் வந்தார். குளியலறைத் தண்ணீர் போகும் டிராப்பைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தில் பென்சில் கோடு போட்டார். இரண்டு மணி நேரத்திலேயே கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. டைல்ஸ் இடுக்கில் சிமென்ட் உதிர்ந்திருக்கிறது. அது வழியாகத் தண்ணீர் தரைக்கடியில் தேங்கிச் சுவரில் ஏறுகிறது. இடுக்கைச் சுரண்டி எபாக்ஸி அடைத்து, உப்பிய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி, சில வாரம் காயவிட்டுத்தான் மறுபூச்சு. அதுவும் காய்ந்த பிறகே பெயின்ட்.

விரிவாக எழுதப் பொறுமையில்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான்:

ஆள் கூப்பிடும் முன் இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நனைந்தால் கசிவு. அறைப் பக்கம் நனைந்தால் காற்றோட்டக் குறை, பீரோவைச் சுவரைவிட்டு நகர்த்துங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று காட்டாதவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

பிளீச்சோடு வினிகரோ அமோனியாவோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

பில், படம், உரையாடல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று புகார் பதிந்துவிட்டேன்.