மேலே யார், கீழே யார்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே தோட்டத்து பங்களா, சரிவில் தொழிலாளர் லயன் வீடுகள். பஸ் ஜன்னலில் இதைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு பழைய கதைகள் ஞாபகம் வரும்: ஃப்ரிட்ஸ் லாங்கின் ஊமைப்படம் 'மெட்ரோபொலிஸ்' (1927), எச். ஜி. வெல்ஸின் நாவல் 'கால இயந்திரம்' (1895).

இரண்டிலும் உழைப்பவர்கள் நிலத்துக்கு அடியில்தான். படத்தில் மெட்ரோபொலிஸ் நகரத்தை ஆளும் ஃப்ரெடர்சன், தொழிலாளர்கள் நம்பும் மரியாவின் முகத்தை ஒரு ரோபோவுக்குக் கொடுக்கச் சொல்லி, அதை வைத்தே அவர்களைக் குழப்பப் பார்க்கிறான். (எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?) அதிகாரத்தின் சூழ்ச்சியை இவ்வளவு பளிச்சென்று காட்டிவிட்டு, கடைசியில் முதலாளியும் ஃபோர்மேனும் கைகுலுக்குவதோடு படத்தை முடித்துவிடுகிறார்கள். சரி, தொழிலாளர்களின் 10 மணி நேர ஷிஃப்ட் குறைந்ததா? மூச்சே இல்லை.

வெல்ஸிடம் இந்தச் சமாதானம் கிடையாது. 802701-ஆம் ஆண்டில் சுகவாசிகளின் வாரிசுகளான ஈலோய்கள் மேலே பழம் தின்று விளையாடுகிறார்கள். கீழே இயந்திரம் ஓட்டும் மார்லாக்குகள் இரவில் ஏறி வந்து அவர்களையே தின்கிறார்கள்.

காட்சிப் பிரமாண்டத்துக்கு லாங். ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் என் கை வெல்ஸ் பக்கம்தான் போகும். சின்னப் புத்தகம், ஏற்காடு போய்த் திரும்புவதற்குள் பாதியாவது முடிந்துவிடும், வளைவுகளில் தலை சுற்றாமல் இருந்தால்.