பழைய கார் புதுப்பிக்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு: பேனல் பொருந்தாமல் பெயின்ட் அடிக்க விடாதீர்கள்

சென்னைப் புறநகரில் பழைய கார் வேலைக்கென்றே இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறையில் என் 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டை விட்டிருந்தேன். டிங்கரிங், பெயின்டிங் இரண்டுக்கும் சேர்த்து 1,40,000 ரூபாய் பேச்சு. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு அவர்கள் கொடுத்த வண்டி பார்க்கப் பளபளவென்று இருந்தது. மழைக்காலம் வருவதற்குள் இரண்டு கதவு ஓரத்திலும் பெயின்ட் பொரிந்து பாளம் பாளமாக விழுந்துவிட்டது. ஹெரால்டு வைத்திருக்கும் இன்னொருவருக்கு இது நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஹெரால்டு வண்டலூரில் தயாரான கார். இதில் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ் தனி. இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் நிற்கும் முன்பக்கத் தடுப்பான பல்க்ஹெட், பின்பக்க பாடி, கூரை எல்லாம் தனித்தனித் துண்டுகள். எல்லாமே போல்ட்டில்தான் நிற்கின்றன. பானட் இரண்டு ஃபெண்டரையும் தூக்கிக்கொண்டு முன்பக்கமாகச் சாயும். அதனால் கதவு சரியாக மூடுவதும் மூடாததும் கதவின் கையில் இல்லை. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். பாடி சேஸிஸ் மேல் உட்காரும் இடங்களில், அதாவது மவுண்ட்களில், ரப்பர் பட்டையும் தகடும் சரியான கனத்தில் இருக்க வேண்டும். கதவு இடைவெளி மேலே நெருக்கி, கீழே விரிந்திருந்தால், நடு மவுண்டில் ஒரு தகடு சேர்த்தாலே மேலே விட்டுக்கொடுக்கும். கை தெரிந்த டிங்கர் பின் கதவுத்தூணிலிருந்து ஆரம்பித்து, கதவைப் பொருத்தி, அப்புறம் முன்பக்கம் வந்து, கடைசியில்தான் பானட்டைக் கதவுக்கு ஏற்ப நகர்த்துவார். இதெல்லாம் பிரைமருக்கு முன்னால் முடிய வேண்டிய வேலை.

என் வண்டியில் இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. கழற்றிப் போட்ட கதவுகளையும் பானட்டையும் தனித்தனியாக பெயின்ட் அடித்துவிட்டு, பிறகு வண்டியில் மாட்டியிருக்கிறார்கள். மாட்டியதும் இடிக்கும் இடத்தில் கிரைண்டர் வைத்துத் தேய்த்து, இடைவெளி அதிகமான இடத்தில் பட்டி அப்பி, அதன் மேல் டச்சப் அடித்திருக்கிறார்கள். டிரைவர் பக்கக் கதவை மூட இரண்டு கை போட்டு இழுக்க வேண்டியிருந்தது. கேட்டதற்கு, "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும். ஓட ஓட செட் ஆகிடும்" என்றார் பட்டறைக்காரர். ஓட ஓட கழன்றதுதான் மிச்சம்.

அதன் பிறகு வேறொரு வயதான டிங்கரிடம் காட்டினேன். அவர் கதவின் கீழ் ஓரத்தில் காந்தத்தை வைத்தார், ஒட்டவே இல்லை. உளியால் லேசாகத் தட்டியதும் ரூபாய் நாணயங்கள் நாலைந்தை அடுக்கிய கனத்தில் பட்டி கழன்று வந்தது. ஈரம் புகுந்து அதன் உள்பக்கம் முழுக்கத் துரு. "இதுல இரும்பு எங்க தம்பி இருக்கு?" என்றார். வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தோம். சேஸிஸ் கை ஒன்று உளுத்துப்போயிருக்க, அதன் மேல் தகரத்தை மடித்து வைத்து, கறுப்பு அண்டர்கோட்டிங்கால் மூடியிருந்தது. புது ஷீட் வைத்ததாக அதற்குத் தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள்! பாடி மவுண்டில் பட்டைக்குப் பதில் பழைய டயரை வெட்டிச் சொருகியிருந்தார்கள். இரண்டு இடத்தில் போல்ட்டே இல்லை. துருவை மறைத்ததைக்கூட ஏமாற்று வேலை என்று விட்டுவிடலாம், பாடியைத் தாங்கும் போல்ட்டைப் போடாமல் குடும்பத்தோடு ஒருவரை ரோட்டுக்கு அனுப்புவதை எப்படி மன்னிப்பது?

பட்டறையில் வண்டி கொடுத்திருப்பவர்கள், அது பெயின்ட் பூத்துக்குள் போவதற்கு முன்னால் ஒரு நாள் நேரில் போய் நில்லுங்கள். கதவு, பானட், டிக்கி எல்லாம் வெறும் இரும்பாக, வண்டியில் மாட்டிய நிலையில் இருக்க வேண்டும். வண்டி ஜாக்கியில் இல்லாமல் சக்கரத்தில் நிற்க வேண்டும். நீங்களே திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி மேலிருந்து கீழ்வரை சுமார் 5 மில்லிமீட்டருக்கு ஒரே சீராக வருகிறதா என்று பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு அடுத்த தவணையைக் கொடுங்கள். "பெயின்டுக்கு அப்புறம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று சொன்னால் வண்டியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகம் எதையும் விடாமல் திருப்பிக் கேளுங்கள். ஹெரால்டின் அசல் மவுண்டும் கீலும் இன்று பழைய உதிரி பாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் அலைந்தாலும் எளிதில் கிடைப்பதில்லை.

பட்டறைக்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. ஜிஎஸ்டி பில் எதுவும் தரவில்லை, துண்டுச்சீட்டுதான். ஆனாலும் யுபிஐயில் அனுப்பிய பணத்தின் விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கின்றன. அவற்றோடு, பட்டி கழன்ற கதவின் படங்களையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். அதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், வண்டியைச் சரிசெய்யக் கொடுப்பதற்கு முன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துவிடுங்கள்.