பிரெஸ்ட் ஸ்ட்ரோக் கைக்கு விரல் பேடில்: வாங்கலாமா?

கொங்குப் பக்கம் கிணற்றில் சுரைப்புருடை கட்டி நீச்சல் பழகியவர்களுக்குத் தண்ணீரைக் கண்டு பயம் இருக்காது. ஆனால் நீச்சல் குளத்தில் தவளை மாதிரி நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் அடிக்கும்போது பலர் கையை இடுப்பு வரைக்கும் இழுத்துவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போன கை முன்னால் திரும்பி வருவதற்குள் வேகம் செத்துவிடும். போட்டியில் ஸ்டார்ட்டுக்கும் ஒவ்வொரு டர்னுக்கும் பிறகு வரும் முதல் இழுப்பு தவிர, கை இடுப்பைத் தாண்டினால் டிஸ்குவாலிஃபைதான். இதைத் திருத்த, விரல்களை மட்டும் மூடும் சின்ன பேடில், அதாவது கையில் மாட்டும் பிளாஸ்டிக் தகடு, நல்ல சாமான். உள்ளங்கை முழுக்க மூடும் பெரிய பேடில் வேண்டாம். அது தோள்பட்டைக்குப் பாரம், கையை உள்ளே கொண்டுவரும் வேகமும் குறையும். சின்னதில் உள்ளங்கை திறந்தே இருப்பதால் தண்ணீரின் அழுத்தம் தெரியும்.

நடுவிரல் பட்டையை மட்டும் மாட்டுங்கள். தொடைக்கு நடுவே புல் பாய் (pull buoy) என்கிற மிதவையை வைத்து, கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி விரியுங்கள். தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலானதும் போதும். அடுத்த கட்டம்தான் முக்கியம். முழங்கை மேலேயே நிற்க, விரல்நுனி குளத்தின் தரையைப் பார்க்க வேண்டும். முழங்கை முந்திக்கொண்டு இறங்கினால் பேடில் தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்கி ஆடும். கோச் சொல்வதற்கு முன்பே அது சொல்லிவிடும். பிறகு கை தாடைக்குக் கீழே வேகமாகச் சேர்ந்து, நிற்காமல் முன்னால் பாய வேண்டும். முழங்கை விலாவுக்குப் பின்னால் போகக் கூடாது. நெஞ்சுக்கு முன்னால் கும்பிட்ட மாதிரி கையை நிறுத்துகிறவர்களுக்கு, பேடில் மாட்டியதும் அந்த இடத்தில் பிரேக் பிடிப்பது நன்றாகவே தெரியும்.

25 மீட்டர் நீளத்தை நாலு முறை பேடிலோடு, உடனே இரண்டு முறை வெறுங்கையோடு; ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிட ஓய்வு. வெறுங்கை நீச்சலை விட்டுவிட்டால் பாதிப் பலன் போச்சு. தோளின் முன்பக்கம் வலித்தால் கழற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் விளிம்பு பக்கத்து ஆள் மேல் பட்டால் கிழித்துவிடும்.

கால் உதையே இன்னும் சரியாக வராதவர்கள் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

இதன் பலவீனம் ரப்பர் பட்டை. குளோரினில் ஊறி, வெயிலில் காய்ந்து விறைத்துப் போகும். நம்ம ஊர் போர் தண்ணீரில் கழுவினால் உப்பும் படியும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். அறுந்தால் புதுசு வாங்க ஓடாமல், துளைக்குள் நுழைகிற தடிமனில் சர்ஜிகல் ரப்பர் டியூப் வாங்கி வெட்டிக் கோர்த்துக்கொள்ளலாம்.