‘உங்கள் கருவிக்குப் பொருந்தும்’ என்ற பச்சைக் குறியை நம்பி 8,850 ரூபாய் இழந்திருக்கிறேன்

கையடக்க ஜிபிஎஸ் கருவிக்கு இணையச் சந்தையில் சுவர் சார்ஜர் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் செலுத்துவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். சார்ஜருக்கு 1,650 ரூபாய், அந்தச் சார்ஜர் எரித்த கருவியைப் பழுதுபார்க்க 7,200 ரூபாய், ஆக மொத்தம் 8,850 ரூபாய் எனக்கு இழப்பு. இதில் ஒரு ரூபாய்க்குக்கூட இதுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை.

சிவகங்கை மாவட்டத்துக் கண்மாய்களில் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடை, உபரி நீர் வழியும் கலுங்கு, நீர் வந்துசேரும் வரத்துக்கால் ஆகியவை எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று பதிவுசெய்யும் வேலையில் இருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கித் தண்ணீர் ஏறிவிட்டால், நீர் தேங்கும் உள்வாயில் கால் வைக்க முடியாது. அதனால் புரட்டாசி முடிவதற்குள் அளவீட்டை முடித்தாக வேண்டும். நாள் முழுவதும் வெயிலில் கைப்பேசி தாக்குப்பிடிக்காது என்பதால்தான் லித்தியம் பேட்டரி பொருத்திய தனிக் கருவியை வைத்திருக்கிறோம். அதனுடன் வந்த சார்ஜர் பழுதாகி, முகவரிடமும் இருப்பு இல்லாமல் போனதால், எல்லாப் பொருளும் விற்கும் பெரிய இணையச் சந்தை ஒன்றில் தேடினேன்.

எதை நம்பி வாங்கினேன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்; ஏனென்றால் அடுத்தவரும் அந்த இடத்தில்தான் ஏமாறுவார். பொருளின் பக்கத்திலேயே ‘உங்கள் கருவியின் மாடல் எண்ணை இடுங்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. எண்ணை இட்டதும் பச்சை நிறத்தில் ‘பொருந்தும்’ என்று வந்தது. அதோடு நிற்காமல், என் கருவியில் இருப்பது ஐந்து முனை கொண்ட மினி யுஎஸ்பி துளை, அதற்கு 5 வோல்ட் மட்டுமே செல்ல வேண்டும், இந்தச் சார்ஜர் அதற்கேற்றதுதானா என்று விற்பனையாளருக்குத் தெளிவாக எழுதிக் கேட்டேன். ‘ஆமாம் ஐயா, இந்த மாடலுக்கென்றே செய்தது, நூறு சதவீதம் பொருந்தும்’ என்று அன்றைக்கே பதில் வந்தது. மாடல் எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்ட கேள்விக்கு எழுத்தில் கிடைத்த உறுதிமொழி அது. அதை நம்பித்தான் 1,650 ரூபாய் செலுத்தினேன்.

சார்ஜரை மாட்டியதும் திரையில் பேட்டரி நிரம்பும் படம் வருவதற்குப் பதிலாகக் கணினியுடன் இணைத்தால் வரும் படம் வந்தது. இதன் காரணத்தைப் பின்னர் பழுதுபார்ப்பு நிலையத்தில் விளக்கினார்கள். மினி யுஎஸ்பி இணைப்பின் ஐந்து முனைகளில் ஒன்று மின்சாரத்துக்கும் ஒன்று தரை இணைப்புக்கும் இரண்டு தரவுக்கும் உரியவை. மீதமுள்ள ஒரு முனை (வரிசையில் நான்காவதாக இருப்பது), மறுபக்கத்தில் என்ன இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கருவி அறிந்துகொள்வதற்கானது. சில ஜிபிஎஸ் கருவிகளில் அந்த முனைக்கும் தரை இணைப்புக்கும் இடையே உரிய மின்தடை இருந்தால்தான், ‘இது வெறும் சார்ஜர்’ என்று கருவி புரிந்துகொள்ளும். மின்தடை இல்லாத சாதாரணக் கேபிளை மாட்டினால், சுவரில் செருகியிருந்தாலும் கணினியோடு இணைந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு அளவிடும் வேலையை நிறுத்திவிடும். துளையில் செருக முடிகிறது என்பதாலேயே ஒரு கேபிள் பொருந்திவிடாது. ‘இந்த மாடலுக்கென்றே செய்தது’ என்று சொல்லி எனக்கு விற்ற சார்ஜரில் அந்த மின்தடையே இல்லை.

திரையைப் படம் எடுத்து உடனே விற்பனையாளருக்கு அனுப்பினேன். ‘புதுச் சார்ஜர் அப்படித்தான் காட்டும், கருவியை அணைத்துவிட்டு இரவு முழுவதும் போட்டு வையுங்கள், சரியாகிவிடும்’ என்று பதில் வந்தது. என் ஆத்திரம் முழுவதும் இந்தப் பதிலின் மேல்தான். தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் சார்ஜரைக் கழற்றி வைத்திருப்பேன். என் கருவி பிழைத்திருக்கும். அவர் சொன்னபடியே செய்தேன். காலையில் கருவி கைவைக்க முடியாத சூட்டில் இருந்தது. பின்மூடி பேட்டரி உப்பியதால் விலகி நின்றது. ஆன் செய்யும் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தியும் பயனில்லை.

பழுதுபார்ப்பு நிலையத்தில் அந்தச் சார்ஜரை என் கண் முன்னாலேயே மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தார்கள். மேலே 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்த சார்ஜரிலிருந்து வந்தது 8 வோல்ட்டுக்கும் மேல். ஆம்பியர் கூடுதலாக இருப்பதில் ஆபத்தில்லை; கருவி தனக்கு வேண்டிய அளவு மின்னோட்டத்தை மட்டுமே இழுத்துக்கொள்ளும். வோல்ட் அப்படியல்ல, கூடினால் நேராக உள்ளே இருக்கும் சுற்றைத் தாக்கும். பேட்டரியை நிரப்பும் சுற்று எரிந்துவிட்டது, பேட்டரியையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி 7,200 ரூபாய்க்குப் பட்டியல் கொடுத்தார்கள். வெளிச் சார்ஜரால் வந்த சேதம் என்பதால் உத்தரவாதமும் செல்லாது என்றார்கள்.

அதன் பிறகு நடந்த அலைக்கழிப்பு தனி. விற்பனையாளர் முதலில் ‘உங்கள் வீட்டு மின்சாரத்தில் கோளாறு’ என்றார். சார்ஜரில் உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை என்று அவர்களே அச்சிட்டிருக்கிறார்களே என்று கேட்டதும், கருவி பழையது என்றார். பிறகு பதில் சொல்வதையே நிறுத்திவிட்டார். இணையச் சந்தையின் உரையாடல் பெட்டியில் தானியங்கிப் பதில்களைத் தாண்டி ஒரு மனிதரை அடைவதற்கே பெரும்பாடு. அவரும் உதிரிப்பொருள்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது, வேண்டுமானால் மாற்றுப் பொருள் அனுப்புகிறோம் என்றார். கருவியை எரித்த அதே சார்ஜரில் இன்னொன்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கருவிக்கு ஏற்பட்ட சேதத்தைப் பற்றிக் கேட்டால், ‘நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பவர்கள் மட்டுமே’ என்கிறார்கள். ‘பொருந்தும்’ என்று பச்சை நிறத்தில் காட்டியது விற்பனையாளரின் கடையல்ல, அவர்களுடைய பக்கம். பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி இருக்கிறதா என்று கேட்டார்கள். பெட்டி சரியாகத்தான் வந்தது, பழுது உள்ளே இருந்தது என்று எழுதினேன். மறுநாள் பார்த்தால் என் புகாரின் மேல் ‘தீர்க்கப்பட்டது’ என்று போட்டு மூடியிருந்தார்கள். எதைத் தீர்த்தார்கள்? 8,850 ரூபாயில் ஒரு காசும் திரும்பவில்லை. எங்கள் அளவீடும் பாதியில் நிற்கிறது.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இத்தகைய நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பழுதான பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், அப்படிக் காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும், திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்றே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. உரையாடல் பெட்டியில் இருப்பவர்கள் இதை நமக்குச் சொல்லமாட்டார்கள். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

சார்ஜர் வாங்கப்போகிறவர்களுக்கு இப்போது அவசரமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கருவியின் கையேட்டில் இருக்கும் வோல்ட் அளவும் சார்ஜரின் வெளியீட்டு வோல்ட் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். விற்பனைப் பக்கத்தில் சார்ஜரின் எல்லாப் பக்கத்தையும் காட்டிவிட்டு வோல்ட் அளவு அச்சிட்ட பக்கத்தை மட்டும் காட்டாமல் விட்டிருந்தால் வாங்காதீர்கள். எனக்கு விற்றவர் அதைத்தான் செய்திருந்தார். இத்தகைய அடாப்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ‘ஆர்’ (R) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் அந்தப் பதிவு எண்ணை அந்த அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். எனக்கு வந்த சார்ஜரில் அந்த எண்ணே இல்லை. சுவரில் மாட்டியதும் கணினிப் படம் வந்தால், யார் என்ன சொன்னாலும் உடனே கழற்றிவிடுங்கள். விற்பனையாளர் எழுதிய பதில்களை அப்போதே படமெடுத்து வையுங்கள். என் கேள்விக்கு வந்த ‘நூறு சதவீதம் பொருந்தும்’ என்ற பதில் இப்போது அந்தப் பக்கத்தில் இல்லை.

1915இல் புகார் பதிவான பிறகு விற்பனையாளருக்குத் திடீரென்று பேச்சு வந்திருக்கிறது. சார்ஜரைத் திருப்பி அனுப்பினால் 1,650 ரூபாயைத் தந்துவிடுகிறாராம். மீதி 7,200 ரூபாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. அனுப்ப மறுத்துவிட்டேன். அனுப்பிவிட்டால் 8 வோல்ட்டைக் காட்டிய அந்தச் சார்ஜர் அவர் கைக்குப் போய்விடும், என்னிடம் சான்று எதுவும் மிஞ்சாது. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் பழுதான சார்ஜரை, வழக்கு முடியும்வரை, கையைவிட்டு அனுப்பாதீர்கள்.