பிராமிபெக்ஸோல் மாத்திரை: கை நடுக்கத்துக்கு நல்லது, ஆனால் வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும்

அப்பா செங்கோட்டையில் நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவர். பார்கின்சன் நோய் வலது கையில் தொடங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போன அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்தார். மருத்துவர் எழுதிக் கொடுத்தது பிராமிபெக்ஸோல், 0.125 மில்லிகிராம், மூன்று வேளை. படிப்படியாகக் கூட்டி, வேளைக்கு 0.5 வரை போனோம்.

மருந்தாக இதைக் குறை சொல்ல மாட்டேன். முதல் சில வாரங்கள் குமட்டல் இருந்தது; சாப்பாட்டுக்குப் பின் கொடுத்ததும் அடங்கியது. இரண்டாம் மாதம் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். என் மகளின் பாவாடையைக் கையாலேயே ஓரம் மடித்துத் தைத்தார். அம்மா அந்தப் பாவாடையைத் தெருவெல்லாம் காட்டினாள்.

ஐந்தாம் மாதம் அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் ஆரியங்காவுக்குப் பஸ் ஏறத் தொடங்கினார். ஐயப்பன் கோயிலுக்கு என்றார். வாரம் ஒரு முறை போனவர், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனார். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி கிடையாது. எல்லை தாண்டினால் உண்டு. தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது உள்ளே கட்டுக் கட்டாகப் பழைய சீட்டுகள், எண் வரிசைப்படி அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டிருந்தன. அம்மாவின் இரண்டு வளையல்களும் அடகுக் கடையில் இருந்தன. வாழ்நாளில் சீட்டுக்கட்டைக்கூடத் தொடாத மனிதர்.

“இந்த வயதில் வெட்கமாக இல்லையா?” என்று கத்தினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவுதான் இந்த மருந்தின் பக்க விளைவுகளைத் தேடிப் படித்தேன்.

பார்கின்சனில், டோபமின் என்ற சேதி சொல்லும் ரசாயனத்தைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிகின்றன. இந்த மாத்திரை டோபமினின் இடத்தில் நின்று கையையும் காலையும் அசைய வைக்கிறது. ஆசையைத் தூண்டும் பகுதிக்கும் அதே டோபமின்தான் சேதி சொல்கிறது; மாத்திரை அங்கேயும் போய்விடுகிறது. 2010இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து வெளியான ஆய்வில், இந்த வகை மருந்து எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், கண்டதையெல்லாம் வாங்குவது, அடங்காத தீனி, காமம் என ஏதோ ஒன்று கைமீறியிருந்தது. எடுக்காதவர்களில் 7 சதவீதம். எங்களிடம் இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மூளைக்குள் டோபமினாக மாறும் லெவோடோபா என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார். (திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பதற்றமும் மனச்சோர்வும் வரும்.) இரண்டு மாதத்தில் ஆரியங்காவுப் பேச்சே நின்றது.

“நீங்கள் செய்யவில்லை அப்பா, மாத்திரை செய்தது” என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“கோயிலுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னதும் மாத்திரைதானா? தப்பு என்று தெரிந்துதானே மறைத்தேன்?” சற்றுப் பொறுத்துச் சொன்னார்: “மாத்திரை போடாத அறுபத்தாறு வருடமும் மண்டைக்குள் ஏதோ சுரந்துகொண்டுதான் இருந்தது. அப்போது ஒழுங்காக இருந்ததற்கு மட்டும் எனக்கு எதற்குப் பெயர்?”

பல நாள் யோசித்தேன். அந்த வெறி அவர் வரவழைத்துக்கொண்டதல்ல. அதற்காக வெட்கமில்லையா என்று கேட்டது என் தவறு; மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பொய் வேறு. வெறி முற்றியவனுக்குப் பொய்யை விட வேறு வழி இருந்ததா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆனால் அந்தப் பொய்யைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள அவர் விரும்பும்போது, வேண்டாம் என்று தட்டிப் பறித்தால், அவரைப் பழுதான தையல் மிஷினாக ஆக்கிவிடுவேன்.

கைக்கு மட்டும் பார்த்தால் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். மாத்திரை தொடங்கும் நாளிலேயே சூது, செலவு பற்றி மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அளவு கூடும்போதெல்லாம் பாஸ்புக்கைப் பாருங்கள், அதுவும் அவருக்குத் தெரிந்தே.

அப்பாவுக்கு நடுக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. காலை மாத்திரை வேலை செய்யும் இரண்டு மணி நேரத்தில் அக்கம்பக்கத்தாரின் புடவைகளுக்கு ஓரம் அடித்துக் கொடுக்கிறார். ஒரு வளையலை மீட்டுவிட்டார். மற்றதற்கு நான் பணம் தருகிறேன் என்றேன், வாங்க மறுத்துவிட்டார்.